காயவில்லை, இறுகுகிறது

வெள்ளையடித்த சுவரைத் தொடப்போகும் பிள்ளையை "இன்னும் காயல, கையை வைக்காதே" என்று அதட்டுவோம். காலில் மாவுக்கட்டு போட்டவரிடம் "கட்டு காய்ஞ்சிடுச்சா?" என்று கேட்போம். மொட்டைமாடித் தளம் போட்ட மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தால் "நல்லதாப் போச்சு, சீக்கிரம் காய்ஞ்சிடும்" என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கச் சொல்வார்.

மூன்றுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் துணி காய்வதுபோல இவற்றில் எதுவும் காய்ந்து கெட்டியாவதில்லை. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாகிறது. மாவுக்கட்டு தண்ணீரைக் குடித்துக் கல்லாகிறது. கான்கிரீட்டும் தண்ணீரைத்தான் குடிக்கிறது, ஆனால் அதன் வழியே வேறு. தண்ணீர் போவதால் கெட்டியாவது வற்றலும் வடகமும்தான்.

பள்ளிக்கூட வேதியியலில் சுட்ட சுண்ணாம்பு, பாரிஸ் சாந்து, சலவைத்தூள், சலவை சோடா, சமையல் சோடா, சிமெண்ட் எல்லாம் தனித்தனிப் பத்தியாக வரும். தயாரிப்பு, பண்புகள், பயன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று உபதலைப்பு. ஐந்து மதிப்பெண் வினாவுக்காக அப்படியே மனப்பாடம். நானும் ஒப்பித்தவன்தான். இவற்றுக்குள் இருக்கும் உறவு எனக்குப் பிடிபட்டது பள்ளியை விட்டு வெகுகாலம் கழித்து. அதற்கு இரண்டு கேள்வி போதும். நெருப்பில் இட்டபோது எது வெளியேறியது? அப்புறம் திரும்பி வந்தது எது?

காளவாயில் போனது

சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல், பவளம், முட்டை ஓடு, பளிங்கு எல்லாமே வேதியியல் கணக்கில் பெரும்பாலும் ஒரே பொருள்: கால்சியம் கார்பனேட். இதைக் காளவாயில் கரியோடு அடுக்கி 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் உள்ளிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். 100 கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ காற்றோடு போய்விடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. கல்லின் உருவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால்தான் எடை குறைந்தது தெரியும்.

இந்த எடைக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். சுட்ட சுண்ணாம்பு தோலை அரிப்பதற்குக் காரணம், சுடும்போது நெருப்பிலிருந்து ஏதோ ஒன்று அதற்குள் ஏறிக்கொள்வதே என்று அதுவரை நம்பினார்கள். பிளாக் தராசை எடுத்து வைத்தார். எதுவும் ஏறவில்லை, ஒரு காற்றுதான் வெளியே போயிருக்கிறது, அதே காற்றைத் திரும்பக் கொடுத்தால் பழைய கல்லே கிடைக்கிறது என்று காட்டினார். அவருடைய கட்டுரை வெளியான ஆண்டு 1756. அந்த ஆண்டை நினைவில் வையுங்கள், இன்னொரு ஆள் வரப்போகிறார்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கல் வெடித்துப் பிளந்து, ஆவி கிளம்பி, அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். இதுதான் நீற்றுதல். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைத் தனக்குள் கட்டிப்போட்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சாம்பலுக்கும் சுண்ணாம்புத் தூளுக்கும் தமிழில் 'நீறு' என்ற ஒரே சொல் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். இரண்டும் நெருப்புக்குப் பின் மிஞ்சியவை, தொட்டால் பொடியாக உதிர்பவை. ஒரு வித்தியாசம், சுண்ணாம்பு நீறு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இப்போது சுவருக்கு வருவோம். நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து அடிக்கிறோம். தண்ணீர் ஆவியாகிறது, உண்மைதான். ஆனால் அத்தோடு நின்றுவிட்டால் சுவரில் இருப்பது வெறும் தூள்தான், சாய்ந்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் தூளோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகும்போதுதான் பிடிப்பும் பளபளப்பும் வரும். மெல்லிய பூச்சுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். தடித்த பூச்சுக்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள். ஏன் இவ்வளவு தாமதம் என்றால், காற்றில் அந்த வாயு இருப்பதே பத்தாயிரத்தில் நான்கு பங்குதான். போதாக்குறைக்கு, அது சுண்ணாம்போடு சேர வேண்டுமானால் நடுவில் கொஞ்சம் ஈரம் இருந்தாக வேண்டும். வாயு முதலில் தண்ணீரில் கரைந்து, அப்புறம்தான் சுண்ணாம்பைச் சந்திக்கும். ஆகவே சுண்ணாம்புப் பூச்சு சீக்கிரம் காய்ந்தால் நல்லது என்று நினைப்பது தலைகீழ். அவசரமாகக் காய்ந்த சுண்ணாம்புதான் சட்டையில் ஒட்டுகிறது.

பழைய கைகாரர்கள் இதை வேதியியல் பெயர் தெரியாமலே கையாண்டார்கள். வட்டக் குழியில் மாடு பூட்டிய கல் உருளையால் சுண்ணாம்பையும் மணலையும் நாள் கணக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டிக் கரைசல், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்ந்ததாகச் சொல்வார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் இன்றும் கை வைத்தால் பளிங்குபோலக் குளிர்கின்றன. பளிங்குபோல என்று சொல்வதில் உவமை பாதிதான். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்.

கருப்பட்டிக்கு ஒரு விளக்கம் உண்டு. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கரைந்தது எல்லா இடுக்கிலும் பரவும். இதையே சிமெண்டில் செய்து பாருங்கள், கெட்டது வேலை. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரை கலந்தாலே கலவை இறுகுவது வெகுநேரம் தள்ளிப்போகும். தாத்தா கட்டிய சுவரில் கருப்பட்டி இருந்தது என்று யாராவது கான்கிரீட்டில் வெல்லம் போடச் சொன்னால் அவரை அன்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறது. அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டிக்கொடுக்கும் பொருளைப் பள்ளியில் 'நிறங்காட்டி' என்கிறோம். மஞ்சள் அப்படி ஒன்று. சுண்ணாம்பின் காரம் பட்டதும் சிவப்பாகிறது. இந்தச் சிவப்பு கடைசியில் மறுபடியும் வரும்.

மாவுக்கட்டு

மாவுக்கட்டுக்கு மூலமான ஜிப்சம் என்ற கனிமத்தின் கதை சின்னது. அது கால்சியம் சல்பேட், ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். சுண்ணாம்புக் கல்லுக்குத் தேவையான காளவாய்ச் சூடு இதற்கு வேண்டாம். 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சும் வெள்ளை மாவு பாரிஸ் சாந்து. பாரிசின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டி எடுத்ததால் வந்த பெயர். 200 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்த் தண்ணீர் முழுவதையும் விரட்டினால் மாவு சோம்பேறியாகிவிடும். தண்ணீர் விட்டாலும் உடனே இறுகாது. பாடத்தில் வெப்பநிலை எண்ணைக் கேட்பதற்குக் காரணம் இதுதான், ஆனால் காரணத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்பார்கள்.

மாவில் தண்ணீர் பட்டதும் போன தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பும். ஊசி ஊசியாக ஜிப்சம் படிகங்கள் முளைத்து ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். சில நிமிடங்களில் கல். சுண்ணாம்புக்கு மாதக்கணக்கில் ஆனது இதற்கு நிமிடக்கணக்கில் ஆவதேன்? திரும்பி வர வேண்டியது காற்றில் பத்தாயிரத்தில் நான்காக அலையவில்லை, நாமே குவளையில் ஊற்றிக் கொடுக்கிறோம்.

கட்டுப் போட்டவர்களுக்குத் தெரியும், துணிச்சுருளை நனைத்துச் சுற்றிய சிறிது நேரத்தில் உள்ளே வெதுவெதுவென்று இருக்கும். சூடாக்கி விரட்டிய தண்ணீர் திரும்பும்போது வாங்கிய சூட்டைத் திருப்பித் தருகிறது. 1850களின் தொடக்கத்தில் டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தெய்சன் இந்த மாவைத் துணியில் தேய்த்து வைத்து, வேண்டும்போது நனைத்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். கொஞ்ச காலத்தில் கிரிமியப் போர்க்களத்தில் ரஷ்ய மருத்துவர் பிரகோவ் மாவுக்கட்டை ஏராளமானவர்களுக்குப் போட்டார்.

கட்டு இறுகச் சில நிமிடம். ஆனால் "ஓரிரு நாள் காலை ஊன்றாதீர்கள்" என்று ஏன் சொல்கிறார்கள்? 100 கிராம் மாவுக்கு வேதியியல் கேட்பது 19 கிராமுக்கும் குறைந்த தண்ணீர். குழைவாக வரவேண்டும் என்று நாம் ஊற்றுவது அதைப்போல மூன்று மடங்கு. வேலை முடிந்த பிறகு மிச்சத் தண்ணீர் துளைகளில் தங்கியிருக்கும். அது ஆவியாகும் வரை கட்டு முழு பலத்துக்கு வராது. ஆக, அந்தக் கட்டில் இறுகுவதும் உண்டு, காய்வதும் உண்டு. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் நடக்கின்றன. "காய்ஞ்சிடுச்சா?" என்று மறுநாள் கேட்பவர் தெரியாமலே சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்.

விநாயகர் சதுர்த்தி முடிந்து கடற்கரையில் கைகால் உடைந்து கிடக்கும் சிலைகளுக்கும் காரணம் இதுதான். களிமண் சிலை உண்மையிலேயே காய்ந்து கெட்டியானது, தண்ணீரில் இறங்கியதும் கரைந்துவிடும். பாரிஸ் சாந்துச் சிலை மறுபடியும் ஜிப்சம் கல்லாகிவிட்டது. லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும்.

காற்று எட்டாத இடம்

சுண்ணாம்புக்கு ஒரு பெரிய குறை. காற்று வேண்டும். சுவரின் மேற்பூச்சு என்றால் சரி. பத்தடி கனமுள்ள அணைச் சுவரின் நடுவில்? கடலலை அடிக்கும் பாறையில்? உள்ளே வைத்த சாந்து நூறு வருடம் ஆனாலும் பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும், தண்ணீர் பட்டால் அரித்துப் போகும்.

1756-இல் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளருக்கு இதே கவலை. எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்ட வேண்டும். அலை அடித்துக்கொண்டே இருக்கும் இடம். பல ஊர்ச் சுண்ணாம்புகளை வரவழைத்துச் சோதித்தார். சில ஊர்ச் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளேயே இறுகியது. அந்தக் கல்லை அமிலத்தில் கரைத்துப் பார்த்தபோது அடியில் களிமண் தங்கியது. சுத்தமான கல்தான் உயர்ந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, களிமண் கலந்த 'மட்டமான' கல்தான் கடலுக்கு ஈடுகொடுத்தது. 1759-இல் கலங்கரை விளக்கம் எழுந்தது.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தது சுர்க்கி, அதாவது சுட்ட களிமண்ணை, செங்கல்லை இடித்த பொடி. களிமண்ணைச் சுடும்போது அதிலிருந்து தண்ணீர் போய்விடுகிறது; அதில் இருக்கும் சிலிக்கா சுண்ணாம்போடு சேரத் தயாராகிவிடுகிறது. ஈரத்தில் இரண்டும் மெல்ல மெல்லச் சேர்ந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசையை உண்டாக்கும். இதற்குக் காற்று தேவையே இல்லை. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை கருங்கல்லும் சுண்ணாம்புச் சுர்க்கிச் சாந்தும் கொண்டு கட்டியது. தேனிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறார்கள். அவருடைய அணைக்குள் வேலை செய்த அந்தப் பசைக்கு யாரும் பெயர்கூடச் சொல்வதில்லை.

அந்தப் பசைதான் சிமெண்டின் உயிர். 1824-இல் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு 'போர்ட்லாண்ட் சிமெண்ட்' என்று காப்புரிமை வாங்கினார். இறுகினால் போர்ட்லாண்ட் தீவுக் கட்டடக் கல்லைப்போல இருக்கும் என்பது விளம்பரம். பாடப்புத்தகம் ஆஸ்ப்டினோடு நிறுத்திவிடும். ஆனால் அவர் சூளையில் சூடு போதவில்லை. அவருடைய சரக்கு இன்றைய சிமெண்ட் அல்ல. சூளையில் அதிகமாக வெந்து கட்டிதட்டிப்போன பகுதியை அரைக்க முடியவில்லை என்று அக்காலத்தில் ஒதுக்கித் தள்ளுவார்கள். அந்தக் கட்டிகளை மெனக்கெட்டு அரைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட வலுவான சிமெண்ட் என்பது அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் தெரியவந்தது. அந்தக் கட்டிக்குத்தான் இன்று கிளிங்கர் என்று பெயர். உருளும் சூளையில் 1450 டிகிரி வரை வெந்து, கோலிக்குண்டு கோலிக்குண்டாக உருண்டு வரும்.

தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டு. இந்தியாவில் போர்ட்லாண்ட் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில், கடற்சிப்பியை மூலப்பொருளாக வைத்து நடந்தது. நிலைக்கவில்லை; பத்தாண்டு கழித்து குஜராத்தின் போர்பந்தரில்தான் தொழில் காலூன்றியது. சிப்பி யோசனை ஒன்றும் கோமாளித்தனமில்லை. அரியலூரில் இன்று சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக் கல்லில் ஒரு பகுதி ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் சிப்பிகள்தான், அடுக்கடுக்காகக் கல்லில் தெரியும். 1939-இல் கல்லக்குடியில் ஆலை வந்ததும் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான். முதலாளியின் பெயரால் ஊர் டால்மியாபுரம் ஆனது, 1953-இல் பழைய பெயரைக் கேட்டு மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார். அரசியல் வரலாற்றில் எல்லோரும் படிக்கும் அந்தப் போராட்டத்தின் அடியில் கிடப்பது கால்சியம் கார்பனேட்.

சரி, கிளிங்கருக்குள் என்ன நடக்கிறது? கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு போய்விட்டது, களிமண்ணிலிருந்து தண்ணீர் போய்விட்டது, மிஞ்சிய சுண்ணாம்பும் சிலிக்காவும் புதுப் பொருள்களாகச் சேர்ந்துவிட்டன. இதைத் தூளாக அரைத்து அப்படியே விற்றால் கட்டட வேலை செய்ய முடியாது. தண்ணீர் ஊற்றிக் கிளறும்போதே சட்டென்று விறைத்துவிடும். அதனால் அரைக்கும்போதே நூற்றுக்குச் சில பங்கு ஜிப்சம் சேர்க்கிறார்கள். மாவுக்கட்டில் அவசரக்காரனாக இருந்த அதே ஜிப்சம் இங்கே மற்றவரைத் தாமதப்படுத்துகிறது. இந்திய தரநிலைப்படி சாதாரண சிமெண்ட் அரை மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, பத்து மணி நேரத்துக்குள் இறுகிவிட வேண்டும். கலவை கலந்து, தூக்கி, கொட்டி, மட்டம் தட்ட அந்த அவகாசம் வேண்டும்.

இறுகுவது வேறு, பலம் ஏறுவது வேறு. மூட்டையில் '53 கிரேடு' என்று போட்டிருப்பது, வரையறுத்த முறையில் செய்த சோதனைக் கட்டி 28 நாளில் தாங்க வேண்டிய அழுத்தம், மெகாபாஸ்கல் கணக்கில். அந்த நாள்கள் முழுக்க சிமெண்ட் துகள்கள் தண்ணீரை வாங்கி வாங்கிப் பசையாக மாறுகின்றன. முதல் வாரம் தளம் காய்ந்தால் வேலை பாதியில் நின்றுவிடும், விரிசல் விடும். ஏழு நாளாவது ஈரமாக வைக்கச் சொல்வதும், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் பத்து நாள் என்பதும் இதற்காகத்தான். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்ட வெயில் உண்மையில் தளத்தின் வாயிலிருந்து தண்ணீரைப் பிடுங்குகிறது.

ஆனால் கலக்கும்போது இந்தத் தாராளம் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 25-இலிருந்து 30 லிட்டர் போதும். கையால் கலக்கும் இடங்களில் "இன்னும் ரெண்டு வாளி ஊத்து, இழுக்க லேசா இருக்கும்" என்ற குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பசைக்குப் பயன்படாத தண்ணீர் பின்னால் போகும்போது துளைகளை விட்டுப்போகும். முதல் நாள் தண்ணீர் மிச்சம், மறுநாளிலிருந்து தண்ணீர் பஞ்சம். பாதிக் கட்டட வேலைகள் இப்படித்தான் நடக்கின்றன.

சாம்பல் கலந்த சிமெண்ட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அனல்மின் நிலையத்தின் புகையில் வரும் நுண்சாம்பல் நிலக்கரியோடு இருந்த களிமண் வெந்து கிடைத்தது. செங்கல் பொடிக்கு நெருங்கிய சொந்தம். சுர்க்கியைத்தான் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம். அதற்கு ஒரு கட்டாயமும் உண்டு. உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை அல்ல, கல்லே விடும் மூச்சு. சூரிய சக்தியில் சூளை ஓட்டினாலும் அது போயே தீரும், அந்த 44 கிலோ.

சோடாவும் சலவைத்தூளும்

அந்த வாயுவை வீணாக்காத தொழிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்கள். அந்த மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். துணிக்கும் கண்ணாடிக்கும் சோப்புக்கும் தேவை பெருகியபோது மண்ணும் செடிச் சாம்பலும் போதவில்லை. உப்பும் சுண்ணாம்புக் கல்லும் இருக்கின்றன, சேர்த்தால் சோடா கிடைக்குமா என்றால், நேராகக் கலந்தால் கிடைக்கவே கிடைக்காது, வினை எதிர்த்திசையில்தான் ஓடும். 1861-இல் பெல்ஜியத்தின் எர்னெஸ்ட் சால்வே அம்மோனியாவைத் தரகராக வைத்தார். அம்மோனியா கரைந்த உப்புக் கரைசலில் காளவாயிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் சமையல் சோடா வெண்மையாக அடியில் படியும், அதைச் சுட்டால் சலவைச் சோடாவுக்கான சோடா சாம்பல். காளவாயில் மிஞ்சிய சுண்ணாம்பும் சும்மா இல்லை; மீதக் கரைசலில் சிக்கிய அம்மோனியாவை அது மீட்டுக் கொடுத்துவிடும். கல்லை இரண்டாக உடைத்து இரண்டு துண்டுக்கும் வேலை கொடுத்த ஏற்பாடு. எனக்குத் தெரிந்த பாடப்புத்தகத் தயாரிப்பு முறைகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது இல்லை.

தூத்துக்குடியில் உள்ள சோடா ஆலை இதை இன்னொரு விதமாகச் செய்கிறது. அம்மோனியாவை மீட்காமல் அம்மோனியம் குளோரைடு உரமாகவே விற்றுவிடும். 2016-இலிருந்து தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சோடாவுக்குள் அனுப்பத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பது திட்டம்.

சமையல் சோடாவைச் சுட்டால் தண்ணீரும் வாயுவும் போய்ச் சோடியம் கார்பனேட் மிஞ்சுகிறது என்றேன். ஆப்பச்சோடா கூடிப்போன பலகாரத்தில் நாக்கில் தட்டும் அந்தக் காரல், சலவைச் சோடாவின் ருசி. கடையில் வாங்கும் சலவைச் சோடா படிகத்திலோ எடையில் நூற்றுக்கு 63 பங்கு தண்ணீர். திறந்து வைத்தால் படிகம் தன் தண்ணீரை விட்டு வெள்ளை மாவாக உதிரும். இந்தக் குடும்பத்தில் நிஜமாகவே 'காயும்' உறுப்பினர் இது ஒன்றுதான், காய்ந்ததும் கெட்டியாகாமல் உதிர்கிறது.

சலவைத்தூள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1799-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி, அந்த விஷவாயுவைப் பொட்டலம் கட்டக்கூடிய தூளாக்கினார். அதுவரை துணியை வெளுக்க வயல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துப் போட்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் திறந்ததும் வரும் நெடிக்குக் காரணம், காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து குளோரினை விரட்டிவிட்டுச் சுண்ணாம்பைத் தம் பக்கம் இழுப்பது. புதிதாக வாங்கும்போது நூற்றுக்கு 35 பங்கு வரை இருக்கும் குளோரின், மூடாத மூட்டையில் வாரா வாரம் குறையும். ஊராட்சித் தொட்டியில் பழைய தூளைக் கொட்டிவிட்டுக் குளோரின் போட்டாகிவிட்டது என்று எழுதிக்கொள்வதில் அர்த்தமில்லை. அமிலத்தோடு சேர்த்தால் மொத்தக் குளோரினும் ஒரே நேரத்தில் வெளியே வரும். கழிவறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றக் கூடாது என்பது அதனால்தான்.

திரும்பி வரும் வாயு

கான்கிரீட்டை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தேன். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது பசையோடு கூடவே உபரியாக நீற்றுச் சுண்ணாம்பும் உண்டாகிறது. கசியும் மேம்பாலத்தின் அடியில் வெள்ளைத் தாடிபோலத் தொங்குவது அதுதான். தண்ணீரில் கரைந்து வெளியே வந்து, காற்றைப் பார்த்ததும் மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிவிட்டது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் வரை அந்தச் சுண்ணாம்பு ஒரு காவல் வேலை செய்கிறது. அதன் காரத்தன்மையில் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய படலம் உண்டாகிக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கும். எப்போதும் ஈரக்காற்று சூழ்ந்த ஊர்களிலும் கம்பி பல ஆண்டு தாங்குவது இதனால்.

சுண்ணாம்புச் சுவருக்கு உயிர் கொடுத்த கார்பன் டை ஆக்சைடு இங்கேயும் வருகிறது. நுண்துளைகள் வழியாக, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்கூட இல்லாத வேகத்தில், உள்ளே நகர்ந்து நீற்றுச் சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே போகும். கான்கிரீட்டின் பலம் இதனால் குறைவதில்லை. காரம் குறைகிறது. அந்த எல்லை கம்பியைத் தொட்ட அன்று காவல் போய்விடும், துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், மேலே இருக்கும் கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். பழைய அரசுக் குடியிருப்புகளில் சன்ஷேடின் அடி பெயர்ந்து செந்நிறக் கம்பி பல்லைக் காட்டுவது இப்படித்தான். கடலோரத்தில் உப்புக்காற்று தனி எதிரி, கார்பன் டை ஆக்சைடுக்காகக் காத்திருக்காது.

கம்பிக்குக் கீழே கவர் பிளாக் என்ற சின்னக் கட்டியை வைக்கச் சொல்லிப் பொறியாளர்கள் சண்டை போடுவது, கான்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து கம்பி வரை உள்ள இந்தத் தூரத்துக்காக. இந்தியத் தரநிலை சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் கேட்கிறது, கடுமையான சூழலில் 45. கூடுதலாக ஊற்றிய இரண்டு வாளித் தண்ணீர் விட்டுப்போன துளைகளும் நிறுத்திவிட்ட பாத்தித் தண்ணீரும் இந்தப் பயணத்துக்குச் சாலை போட்டுக் கொடுத்திருக்கும்.

பழைய கட்டடத்தைச் சோதிக்க வருபவர், கான்கிரீட்டில் ஓரிடத்தை உடைத்து, தூசியை ஊதிவிட்டு, புதிதாக உடைந்த முகத்தில் பள்ளி ஆய்வகத்தில் சொட்டுச் சொட்டாக விட்ட அதே பினாப்தலீனைத் தெளிப்பார். ஆரத்தித் தட்டில் மஞ்சள் செய்ததை இங்கே அது செய்யும். காரம் மிஞ்சியிருக்கும் உள்பக்கம் பளிச்சென்ற இளஞ்சிவப்பாகும். வாயு வந்து சேர்ந்துவிட்ட வெளிப்பக்கம் சாம்பல் நிறத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தெரியும் கோட்டிலிருந்து கம்பி வரை அளவுகோலை வைத்து, இன்னும் எத்தனை மில்லிமீட்டர் பாக்கி என்று குறித்துக்கொள்வார்.